கறுப்புக் கொடி ஏறினால் சண்டையா? பாய்மரக் காலக் கடற்கொள்ளைப் போர்கள், புதியவர்களுக்காக

1725 முதல் 1730 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் ஜேம்ஸ் மக்ரே. அந்தப் பதவிக்கு வர ஐந்து ஆண்டுகள் இருந்தபோது, ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே கிடக்கும் அஞ்சுவான் தீவில், தலையில் குண்டடிக் காயத்தோடு அவர் உயிர் தப்பி ஓடினார். அவருடைய கப்பலைக் கடற்கொள்ளையர் பிடித்திருந்தார்கள். அதற்கு முன் மணிக்கணக்காகப் பீரங்கிச் சண்டை நடந்திருந்தது. இரு தரப்பிலும் பிணங்கள் விழுந்திருந்தன.

கடற்கொள்ளையர் என்றாலே இப்படித்தான் எப்போதும் வெட்டும் குத்தும் வெடியுமாக வாழ்ந்தார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சினிமாவும் அப்படியே காட்டிப் பழக்கிவிட்டது. உண்மையில் மக்ரேயின் சண்டை பேசப்பட்டதே அது அபூர்வமானது என்பதால்தான். கடற்கொள்ளையர் பிடித்த கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை பெரிய சண்டை எதுவும் இல்லாமல் கைமாறியவை. இந்தச் செய்தி மனதில் பதிந்துவிட்டால், பெயர்பெற்ற கடற்கொள்ளைப் போர்கள் ஒவ்வொன்றும் ஏன் நடந்தது, ஏன் அப்படி முடிந்தது என்பது தானே விளங்கும். சிக்கலான கப்பல் கணக்குகளுக்குள் போகாமல் அடிப்படையை மட்டும் பார்ப்போம்.

## முதலில் பெயரைச் சரிசெய்வோம்

ஒரே சாலையில் இரண்டு இடத்தில் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்திக் காசு கேட்கிறார்கள். ஒருவர் கையில் பஞ்சாயத்து கொடுத்த ரசீதுப் புத்தகம் இருக்கிறது. இன்னொருவரிடம் எதுவும் இல்லை. வண்டிக்காரருக்கு இரண்டு இடத்திலும் பணம் போகிறது. ஆனால் சட்டத்தின் முன் முதலாமவர் வசூலிப்பவர், இரண்டாமவர் வழிப்பறிக்காரர்.

கடலிலும் இதே கதைதான். எதிரி நாட்டுக் கப்பல்களைப் பிடிக்கலாம் என்று அரசிடம் எழுத்துப் பத்திரம் வாங்கிக்கொண்டு, சொந்தச் செலவில் கப்பல் ஓட்டியவர்கள் உண்டு. இவர்களை உரிமக் கொள்ளையர் என்போம். எந்த அரசின் அனுமதியும் இல்லாமல் யாரை வேண்டுமானாலும் தாக்கியவர்கள்தான் கடற்கொள்ளையர். சிக்கல் என்னவென்றால், ஒரு நாட்டின் உரிமக் கொள்ளையர் அடுத்த நாட்டின் கண்ணுக்கு வெறும் கொள்ளையராகத்தான் தெரிவார். ஸ்பெயினின் ஊர்களைச் சூறையாடிய ஹென்றி மார்கன், ஜமைக்கா ஆளுநரின் அனுமதிப் பத்திரம் வைத்திருந்தவர். ஸ்பானியர் அவரைக் கொள்ளையன் என்றார்கள். இங்கிலாந்து 1674இல் அவருக்கு சர் பட்டம் கொடுத்து, ஜமைக்காவின் துணை ஆளுநராகவே அனுப்பியது.

நம் பக்கத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. மராட்டியக் கடற்படையின் தலைவரான கான்ஹோஜி ஆங்ரேயைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கொள்ளையன் என்றே எழுதிவந்தார்கள். அவரோ கொங்கணக் கரையில் தன் அரசின் பேரில் அனுமதிச் சீட்டு கொடுத்தவர், சீட்டு வாங்காத கப்பல்களைப் பிடித்தவர். அதே வேலையைப் போர்ச்சுக்கீசியரும் நம் கடல்களில் செய்தார்கள். இன்று மும்பையில் உள்ள இந்தியக் கடற்படைத் தளத்துக்கு ஐ.என்.எஸ். ஆங்ரே என்று பெயர். ஆகவே அவரை இந்தக் கட்டுரையின் கொள்ளையர் வரிசையில் நான் வைக்கவில்லை.

பழைய ஆவணத்தில் 'கொள்ளையன்' என்ற சொல்லைப் பார்த்தால், எழுதியவர் யார் என்பதையும் பார்த்துவிட வேண்டும். இந்தப் பகுதியில் நினைவில் வைக்க அது போதும்.

## முட்டைக் கூடையும் கொள்ளையர் கணக்கும்

சந்தைக்குப் போகும் அம்மாவின் தலையில் முட்டைக் கூடை. அதைப் பறிக்க வருகிறவன் அவளோடு கட்டிப் புரண்டால் கடைசியில் அவன் கையில் ஓடுதான் மிஞ்சும். அவனுக்கு வேண்டியது அவள் பயந்து கூடையைக் கீழே வைப்பது. அதற்காக அவன் உறுமுவான், கத்தியைக் காட்டுவான், கூட நாலு பேரை நிறுத்துவான். இவ்வளவும் செய்வது அடிதடியைத் தவிர்க்கத்தான்.

கடற்கொள்ளையரின் நிலைமை இதைவிட இக்கட்டானது. பீரங்கிக் குண்டு சரக்கையும் கெடுக்கும், கப்பலையும் கெடுக்கும். பல சமயம் அவர்களுக்கு அந்தக் கப்பலே வேண்டியிருந்தது. தங்கள் கப்பலில் பாய்மரம் முறிந்தாலோ, அடிப்பலகையில் ஓட்டை விழுந்தாலோ, துறைமுகத்துக்குப் போய்ப் பழுதுபார்க்க முடியாது. போனால் தூக்குமேடைதான். மருத்துவர் கிடைப்பது அரிது. காயம்பட்டவருக்குப் பொதுப் பணத்திலிருந்து இழப்பீடு தருவது என்ற உடன்படிக்கை பல குழுக்களில் இருந்தது. கை போனவருக்கும் கால் போனவருக்கும் கொடுத்தது போகத்தான் மற்றவர்களுக்குப் பங்கு. ஆகவே ஒவ்வொரு சண்டையும் அவர்களுக்கு நேரடி நஷ்டம்.

எதிரே இருந்த வணிகக் கப்பலின் மாலுமிக்கும் சண்டை போட ஆசை கிடையாது. சரக்கு யாரோ ஒரு முதலாளியுடையது. அவனுக்குக் கிடைப்பது சொற்பக் கூலி. சம்பளச் செலவைக் குறைக்க முதலாளிகள் மிகக் குறைவான ஆட்களையே ஏற்றினார்கள். நடுத்தரமான வணிகக் கப்பலில் பதினைந்து, இருபது பேர் இருப்பார்கள். கொள்ளையர் கப்பலிலோ அதைப்போல் ஐந்து மடங்கு கூட்டம். தளம் முழுக்க ஆயுதத்தோடு நிற்கும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தவுடனே பாதிச் சண்டை முடிந்துவிடும்.

மீதிப் பாதியைக் கொடி முடித்தது. கறுப்புக் கொடி என்பது போர் அறிவிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பேரம். 'எதிர்க்காமல் நின்றால் உயிர் பிழைக்கும்' என்பது அதன் பொருள். சிவப்புக் கொடி ஏறினால்தான் பேரம் முறிந்தது, இனி இரக்கம் கிடையாது என்று அர்த்தம். இந்தப் பேரம் செல்லுபடியாக வேண்டுமானால் கொள்ளையரும் சொன்ன சொல்லை ஓரளவு காப்பாற்ற வேண்டும். சரணடைந்தவர்களையும் வழக்கமாகக் கொன்றால், அடுத்த கப்பல் சரணடையாது.

1717இல் சாமுவேல் பெல்லமியின் ஆட்கள் 'விடா' என்ற பெரிய கப்பலை பஹாமாஸ் பக்கம் மூன்று நாள் துரத்தினார்கள். ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடும் சரக்கோடும் லண்டன் திரும்பிக்கொண்டிருந்த கப்பல் அது. கடைசியில் ஏறக்குறைய சண்டையே இல்லாமல் அது பணிந்தது. அடுத்த ஆண்டு, கறுப்புத்தாடி என்று பெயர்பெற்ற எட்வர்ட் டீச் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலை ஏறத்தாழ ஒரு வாரம் அடைத்து நின்றார். பிடித்த பயணிகளை விடுவிக்க அவர் கேட்டது ஒரு பெட்டி மருந்து. மருந்து வந்தது, பயணிகளின் நகையையும் துணிமணியையும் பறித்துக்கொண்டு உயிரோடு விட்டுவிட்டார். அந்த முற்றுகையில் யாரும் கொல்லப்படவில்லை.

சுருக்கமாக: அச்சம்தான் கொள்ளையரின் முதல் ஆயுதம். அது பலிக்காத இடத்தில்தான் போர் வந்தது.

## காற்று எந்தப் பக்கம்?

இனிச் சண்டை நடந்தால் அது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். பாய்மரக் கப்பலுக்குக் காற்றுதான் இன்ஜின். இன்ஜினை நிறுத்தவோ திருப்பவோ கப்பல்தலைவரால் முடியாது. காற்று வரும் திசையை நோக்கி நேராகப் போகவும் முடியாது. குறுக்குக் கட்டைகளில் சதுரப் பாய் விரித்த பெரிய கப்பல் என்றால், காற்று வரும் திசைக்கு இருபுறமும் 60, 70 டிகிரி அளவுக்கு அதற்குப் பாதை அடைபட்டது போலத்தான்.

அந்தத் திசையில் போயே ஆக வேண்டும் என்றால் என்ன செய்வது? மலை உச்சிக்கு ரோடு நேராக ஏறாது, கொண்டை ஊசி வளைவுகளாக இடமும் வலமுமாக வளைந்து ஏறும். கப்பலும் அப்படித்தான் காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து முன்னேறும். பத்து மைல் போவதற்கு இருபது, முப்பது மைல் ஓட வேண்டிவரும்.

இப்போது இரண்டு கப்பல்களை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று வரும் பக்கத்தில் ஒன்று, போகும் பக்கத்தில் ஒன்று. முதல் கப்பல் மலைமேல் நிற்பவனைப் போல. வேண்டும்போது இறங்கிவந்து தாக்கலாம், வேண்டாவிட்டால் அங்கேயே நிற்கலாம். இரண்டாவது கப்பலால் மேலே ஏறிவந்து தாக்குவது கடினம். அது ஓடலாம், அல்லது காத்திருக்கலாம். முதல் கப்பலின் இந்த இடத்தைக் 'காற்றின் மேல்புறம்' என்று இங்கே சொல்லிக்கொள்வோம். அந்தக் காலக் கப்பல்தலைவர்கள் சண்டைக்கு முன் மணிக்கணக்காக இந்த இடத்துக்குத்தான் போட்டி போட்டார்கள்.

காற்றோடு இன்னொன்றும் சேர்கிறது, கடலின் ஆழம். பெரிய போர்க்கப்பல் ஆழமாக அமிழ்ந்து மிதக்கும், மணல்திட்டுகளுக்குள் வர முடியாது. ஸ்லூப் எனப்படும் ஒற்றைப் பாய்மரச் சிறுகப்பல் ஆழமில்லாத நீரிலும் நழுவிப் போகும், காற்றையும் இன்னும் கொஞ்சம் நெருக்கி எதிர்க்கும். கரீபியக் கொள்ளையர் பலர் ஸ்லூப்பை விரும்பியதற்கு இவை இரண்டும் முக்கியக் காரணம்.

## ஜன்னல் ஓரத்துப் பீரங்கிகள்

ஒரு டவுன் பஸ்ஸின் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு பையன் தண்ணீர்த் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான். நேர் எதிரே வரும் ஆள்மேல் அவர்களால் தண்ணீர் பீய்ச்ச முடியாது. டிரைவர் பஸ்ஸைக் குறுக்கே திருப்பினால்தான் முடியும். பாய்மரப் போர்க்கப்பலும் அந்த பஸ் மாதிரிதான். பீரங்கிகளில் பெரும்பாலானவை இரண்டு பக்கவாட்டிலும் வரிசையாக இருந்தன. முன்னால் அணியத்திலும் பின்னால் அமரத்திலும் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். குறி வைப்பது என்றாலே முழுக் கப்பலையும் திருப்புவதுதான்.

ஒரு பக்கத்துப் பீரங்கிகள் எல்லாம் சேர்ந்து வெடிப்பதைப் 'பக்கவீச்சு' என்போம். ஒரு பக்கவீச்சு முடிந்தால் மறுபடி வெடிமருந்து கெட்டித்து, குண்டு போட்டு, நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள பீரங்கியைக் கயிறு கட்டி இழுத்து நிறுத்த சில நிமிடங்கள் ஆகும். ஒரு பீரங்கிக்கு நாலைந்து பேராவது வேண்டும். அலையில் கப்பல் ஆடிக்கொண்டே இருப்பதால், சில நூறு மீட்டருக்கு அப்பால் குறி தப்பிக்கொண்டே போகும். எனவே உண்மையான சண்டை மிக நெருக்கத்தில்தான் நடக்கும்.

குண்டிலும் வகை உண்டு. உருண்டை இரும்புக் குண்டு பலகையை உடைக்கும். அப்போது பறக்கும் மரச் சிராய்கள்தான் குண்டைவிட அதிகம் பேரைக் கிழித்தன. சங்கிலியால் இணைத்த இரட்டைக் குண்டு கயிற்றையும் பாயையும் அறுக்கும். கப்பல் மூழ்காது, ஓடவும் முடியாது. துணிப்பையில் கொத்தாகக் கட்டிய சிறு குண்டுகள் தளத்தில் நிற்கும் ஆட்களைச் சாய்க்கும். கப்பலைக் கெடுக்காமல் பிடிக்க விரும்பிய கொள்ளையருக்குப் பின்னிரண்டும்தான் பிடித்தமானவை.

கடைசிக் கட்டம் தாவி ஏறுதல். கொக்கிக் கயிறு வீசி இரண்டு கப்பலையும் பிணைத்து, அடுத்த தளத்தில் குதிப்பது. இங்கே ஆள் எண்ணிக்கைதான் பேசும். கொள்ளையர் கூட்டம் கூட்டமாக ஆள் சேர்த்துவைத்திருந்தது இந்தக் கட்டத்துக்காகத்தான்.

ஆக, காற்றின் மேல்புறம் யார், பக்கவீச்சு யாருக்கு முதலில் வாய்த்தது, தாவி ஏற ஆள் யாரிடம் அதிகம். இந்த மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு இனி உண்மைப் போர்களுக்குப் போகலாம்.

## அஞ்சுவான், 1720: பணிய மறுத்தவர்

கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களான 'கசாண்ட்ரா'வும் 'கிரீனிச்'சும் தண்ணீர் பிடிக்க அஞ்சுவான் தீவில் நின்றன. கசாண்ட்ராவின் தலைவர் மக்ரே. உடன் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆஸ்டெண்ட் நகரத்துக் கப்பல் ஒன்றும் இருந்தது. 1720 ஆகஸ்ட் 17 காலை, எட்வர்ட் இங்கிலாந்து என்பவர் தலைமையில் இரண்டு கொள்ளைக் கப்பல்கள் விரிகுடாவுக்குள் வந்தன.

மூன்று எதிர் இரண்டு என்றால் கம்பெனிப் பக்கம் கை ஓங்கியிருக்க வேண்டும். ஆனால் மற்ற இரண்டு கப்பல்களும் விலகிக் கடலுக்குள் போய்விட்டன. கிரீனிச் உதவிக்கு வராமல் தூரத்திலேயே நின்றது என்று மக்ரே பிறகு பம்பாயிலிருந்து எழுதிய கடிதத்தில் ஆற்றாமையோடு குறிப்பிடுகிறார். தனியே நின்ற கசாண்ட்ரா பணியவில்லை. அதன் குண்டுகள் ஒரு கொள்ளைக் கப்பலின் நீர்மட்டத்தை ஒட்டித் துளைத்தன, அது ஒதுங்கிப்போய் ஓட்டையை அடைக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று நீண்ட துடுப்புகளைப் போட்டு வலித்துக்கொண்டு தாவி ஏற நெருங்கியது. மக்ரேயின் ஆட்கள் துடுப்புகளையே குறிவைத்து நொறுக்கினார்கள். மேலே சொன்ன கணக்கு இங்கே அப்படியே நடப்பதைப் பாருங்கள். ஆள் பலம் கொள்ளையரிடம். ஆகவே அவர்களை ஒட்டவிடாமல் வைப்பது ஒன்றே மக்ரேக்கு வழி.

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு மேல்தளத்தில் அதிகாரிகளில் பெரும்பாலோர் செத்தோ காயம்பட்டோ கிடந்தார்கள். மக்ரே கப்பலைக் கரையை நோக்கி ஓட்டித் தரைதட்ட வைத்தார். துரத்திவந்த கொள்ளைக் கப்பலும் தரைதட்டியது. அதுவும் எப்படி? அணியம் கசாண்ட்ராவின் பக்கவாட்டைப் பார்த்தபடி. நம் பஸ் உதாரணத்தில், ஜன்னல் வரிசைக்கு முன்னால் இன்னொரு பஸ் மூக்கை நீட்டி மாட்டிக்கொண்டது போல. கொள்ளையரால் திருப்பிச் சுட முடியவில்லை, கசாண்ட்ரா சுட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த கொள்ளைக் கப்பல் படகு படகாக ஆட்களை அனுப்பியதால்தான் நிலைமை மாறியது. மாலை ஏழு மணி வாக்கில் மக்ரேயும் மிஞ்சியவர்களும் புகை மறைவில் படகிலும் நீந்தியும் கரையேறித் தீவுக்குள் தஞ்சம் புகுந்தார்கள். கசாண்ட்ராவில் 13 பேர் இறந்தார்கள், 24 பேர் காயம்பட்டார்கள். கொள்ளையர் இழப்பு தொண்ணூறு, நூறு இருக்கும் என்பது மக்ரேயின் மதிப்பீடு.

சில நாள் கழித்து அவர் செய்ததுதான் என்னை மிகவும் வியக்கவைப்பது. அவரே கொள்ளையரின் கப்பலுக்குப் போய்ப் பேச்சு நடத்தினார். கொல்ல வேண்டும் என்று ஒரு கட்சி. விடவேண்டும் என்று எட்வர்ட் இங்கிலாந்தும் இன்னும் சிலரும். மக்ரேயோடு முன்பு வேலை பார்த்த, மரக்கால் கட்டிய ஒருவர் அவருக்காகப் பரிந்து பேசினார். முடிவில் கொள்ளையர் தங்களுடைய சிதைந்த 'ஃபேன்சி' கப்பலையும் 129 கட்டுக் கம்பெனித் துணியையும் கொடுத்து அனுப்பினார்கள். பாதி உடைந்த அந்தக் கப்பலில், குடிதண்ணீரை அளந்து குடித்து, 48 நாளில் பம்பாய் சேர்ந்தார் மக்ரே. அங்கிருந்துதான் அவருடைய உயர்வு தொடங்கிச் சென்னைக் கோட்டை வரை போனது. இரக்கம் காட்டியதற்காக எட்வர்ட் இங்கிலாந்தைச் சொந்த ஆட்களே பதவியிறக்கி மொரீஷியஸில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

இதோடு ஒப்பிட, எட்டே மாதம் கழித்து நடந்த இன்னொன்று. அதே கசாண்ட்ராவை இப்போது ஓட்டிக்கொண்டு, ஜான் டெய்லரும் பிரெஞ்சுக் கொள்ளையர் ஒலிவியே லெவசேரும் 1721 ஏப்ரலில் ரீயூனியன் தீவுக்கு வந்தார்கள். அங்கே கோவாவின் போர்ச்சுக்கீசிய வைஸ்ராய் ஊர் திரும்பும் கப்பல் நின்றது. புயலில் அதன் பாய்மரங்கள் போயிருந்தன. பாரம் குறைக்கப் பீரங்கிகளில் பெரும்பகுதியைக் கடலில் தள்ளியிருந்தார்கள். வைரமும் பட்டும் நிறைந்த அந்தக் கப்பல், பேருக்கு ஒரு எதிர்ப்போடு விழுந்தது. கொள்ளையர் வரலாற்றின் மிகப் பெரிய வேட்டைகளில் ஒன்று அது. மணிக்கணக்கில் நடந்த சண்டை நூறு பேரைத் தின்றது. ஏறக்குறைய நடக்காத சண்டைதான் அவர்களைச் செல்வராக்கியது.

## கஞ்ச்-இ-சவாய், 1695: ஒரு பீரங்கி வெடித்ததால்

ஔரங்கசீப்பின் கப்பலான கஞ்ச்-இ-சவாய், மெக்கா போய்த் திரும்பும் யாத்திரிகர்களோடும் வணிகப் பணத்தோடும் 1695 செப்டம்பரில் சூரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. பீரங்கிகளும் நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளும் கொண்ட மிகப் பெரிய கப்பல் அது. துரத்திவந்த ஹென்றி எவ்ரியின் கப்பலில் 46 பீரங்கிகள். எவ்ரியோடு சேர்ந்திருந்த தாமஸ் டியூ என்ற கொள்ளையர், இந்தக் கப்பல் கூட்டத்தைத் தாக்கும்போதே கொல்லப்பட்டார். சூரத் வணிகர் அப்துல் கஃபூரின் 'ஃபதே முஹம்மது' முதலில் பிடிபட்டது. பிறகு கஞ்ச்-இ-சவாயின் முறை.

தாக்குப்பிடித்திருக்க வேண்டிய கப்பல் அது. ஆனால் சண்டை தொடங்கியதும் அதன் பீரங்கி ஒன்று தன் தளத்திலேயே வெடித்துச் சுற்றி நின்றவர்களைக் கொன்றது. வார்ப்பில் குறை இருந்தாலோ மருந்து கூடிப்போனாலோ அந்தக் காலப் பீரங்கிகளுக்கு இப்படி நேர்வதுண்டு. எவ்ரியின் பக்கவீச்சு நடுப் பாய்மரத்தில் விழுந்தது. கப்பல் ஓட முடியாமல் நின்றது, தளத்தில் குழப்பம், கொள்ளையர் தாவி ஏறினார்கள். கப்பல்தலைவர் இப்ராஹிம் கான் கோழைத்தனமாகக் கீழே ஓடி ஒளிந்தார் என்று முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் கடுமையாக எழுதுகிறார்.

பிறகு நடந்தவற்றை வீரக்கதையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாள்கணக்கில் பயணிகளைச் சித்திரவதை செய்தார்கள், பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். மானம் காக்கக் கடலில் குதித்து இறந்த பெண்கள் உண்டு. எவ்ரியைப் பற்றிய பாடல்களும் கதைகளும் இங்கிலாந்தில் பரவியபோது இந்தப் பகுதி சத்தமில்லாமல் விடுபட்டது.

அதன் விலையைக் கம்பெனி கொடுத்தது. சூரத்தில் இருந்த ஆங்கிலேயர் சிறைவைக்கப்பட்டார்கள், வணிகம் நின்றது. எவ்ரியின் தலைக்கு அரசு 500 பவுண்ட் வைத்தது, கம்பெனி அதை 1,000 ஆக்கியது. 1696இல் அவருடைய ஆட்கள் ஐவர் லண்டனில் தூக்கிலிடப்பட்டார்கள். எவ்ரி அகப்படவே இல்லை.

## வலிமை குறைந்தவர் வெல்லும் வழி

பீரங்கி குறைவு, காற்றும் பக்கம் இல்லை என்றால் மிஞ்சுவது தந்திரம். 1669இல் மார்கன் வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்குள் புகுந்து சூறையாடிவிட்டுத் திரும்பும்போது, ஏரியின் குறுகிய வாயிலை மூன்று ஸ்பானியப் போர்க்கப்பல்களும் ஒரு கோட்டையும் அடைத்து நின்றன. மார்கனிடம் இருந்தவை சிறு கப்பல்கள். அவற்றில் ஒன்றைத் தீக்கப்பலாக மாற்றினார். அதாவது தார், கந்தகம், வெடிமருந்து ஏற்றி எதிரிமேல் மோதவிட்டுக் கொளுத்தும் கப்பல். தளத்தில் மரக்கட்டைகளுக்குத் தொப்பி மாட்டி ஆட்கள் போல நிறுத்தினார். சில பேர் மட்டும் அதை ஓட்டிப்போய் ஸ்பானியத் தலைமைக் கப்பலோடு பிணைத்துத் தீ வைத்துவிட்டுப் படகில் தப்பினார்கள். தலைமைக் கப்பல் எரிந்தது, இரண்டாவது தரைதட்டி அழிந்தது, மூன்றாவது பிடிபட்டது.

கோட்டை மிச்சமிருந்தது. மார்கன் பகல் முழுக்கப் படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்புவது போலக் காட்டினார். போகும்போது உட்கார்ந்து போனவர்கள், வரும்போது படகில் மல்லாந்து படுத்துக் கப்பலுக்கே திரும்பினார்கள். தரைவழித் தாக்குதல் வருகிறது என்று நம்பிய ஸ்பானியர் பீரங்கிகளை நிலப்பக்கம் திருப்பினார்கள். இரவில் நீர் வற்றும் ஓட்டத்தோடு கப்பல்கள் வெளியே மிதந்து போய்விட்டன.

தீக்கப்பலுக்கும் காற்றுதான் எஜமான். 1809 நவம்பரில், ஹாங்காங் அருகே லாண்டாவ் தீவின் துங் சுங் விரிகுடாவில், ஜெங் யீ சாவ் என்ற பெண் தலைமை தாங்கிய சீனக் கொள்ளைக் கூட்டத்தை அரசுக் கடற்படை சுற்றிவளைத்துத் தீக்கப்பல்களை ஏவியது. காற்று திரும்பியது. எரியும் கப்பல்கள் அனுப்பியவர்கள் பக்கமே வந்தன. கொள்ளையர் வளையத்தை உடைத்து வெளியேறினார்கள். மறு ஆண்டு அரசோடு பேசிச் சரணடைந்தவர்கள் 17,000 பேருக்கு மேல். கரீபியக் கொள்ளையர் எவரும் இந்த அளவை நெருங்கவில்லை.

## அச்சம் பலிக்காத எதிரி

வணிக மாலுமிக்குச் சண்டையில் லாபம் இல்லை என்று பார்த்தோம். கடற்படைக்குச் சண்டைதான் வேலை. கறுப்புக் கொடியின் பேரம் அங்கே செல்லாது. அதனால்தான் பெயர்பெற்ற கொள்ளையர் பலரின் கடைசிப் போர் கடற்படையோடு நடந்தது.

1718 நவம்பர் 22. வட கரோலினாவின் ஒக்ரகோக் தீவு. வர்ஜீனியா ஆளுநர் ஸ்பாட்ஸ்வுட் அனுப்பிய லெப்டினன்ட் ராபர்ட் மேனார்ட், மணல்திட்டுகளுக்குள் போக வேண்டும் என்பதற்காக இரண்டு வாடகை ஸ்லூப்களில் வந்தார். அவற்றில் பீரங்கியே கிடையாது. அறுபது பேர் இருந்தார்கள். கறுப்புத்தாடியிடம் இருபது பேர் அளவில்தான், ஆனால் பீரங்கிகள் இருந்தன. ஸ்லூப்கள் தரைதட்டின. அடியில் இருந்த பாரக் கற்களை வீசியெறிந்து மிதக்கவைத்து, துடுப்புப் போட்டு நெருங்கினார்கள். ஒரே பக்கவீச்சில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் விழுந்தார்கள்.

மேனார்ட் மிஞ்சியவர்களைத் தளத்துக்குக் கீழே ஒளித்தார். காலியான தளத்தைப் பார்த்து எல்லாரும் செத்தார்கள் என்று நம்பிக் கறுப்புத்தாடி தாவி ஏறினார். கீழே இருந்தவர்கள் மேலே பாய்ந்தார்கள். ஐந்து துப்பாக்கிக் குண்டும் இருபது வெட்டும் பட்ட பிறகே அவர் சாய்ந்தார் என்று மேனார்ட் எழுதியிருக்கிறார். இந்தக் கடைசிச் சண்டைக்கு முன் கறுப்புத்தாடி ஒருவரையாவது கொன்றதாக உறுதியான பதிவு இல்லை. அவ்வளவு பெரிய பயங்கரப் பெயரும் பெரும்பாலும் தோற்றத்தால் சம்பாதித்தது.

பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் முடிவில் கடற்படையே கொள்ளையரின் தந்திரத்தைக் கையிலெடுத்தது. நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்களைப் பிடித்ததாகச் சொல்லப்படும் அவர், 1722 பிப்ரவரியில் இன்றைய காபோன் நாட்டின் லோபஸ் முனையில் நங்கூரமிட்டிருந்தார். சாலனர் ஓகிள் தலைமையில் 'ஸ்வாலோ' என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் வந்தது. மணல்திட்டைத் தவிர்க்க அது விலகித் திரும்பியதை, பயந்து ஓடும் வணிகக் கப்பல் என்று கொள்ளையர் நினைத்தார்கள். துரத்த ஒரு கப்பலை அனுப்பினார்கள். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரம் வரை இழுத்துக்கொண்டு போய், ஸ்வாலோ திரும்பி அதை அடக்கியது.

ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 10 அன்று, ஓகிள் மறுபடி வந்தார். ராபர்ட்ஸின் திட்டம் சண்டை போடுவது அல்ல. முழுப் பாய் விரித்து ஸ்வாலோவின் பக்கமாகவே விரைந்து, ஒரு பக்கவீச்சைத் தாங்கிக்கொண்டு திறந்த கடலுக்குத் தப்புவது. போகிற போக்கில் வந்த சிறு குண்டுக் கொத்து அவர் தொண்டையில் பாய்ந்தது. அவர் முன்பே கேட்டுக்கொண்டபடி, ஆட்கள் உடலைக் கடலில் போட்டார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் பாய்மரம் சாய்ந்தது, கப்பல் பணிந்தது.

இன்றைய கானாவில் உள்ள கேப் கோஸ்ட் கோட்டையில் விசாரணை நடந்தது. 52 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஓகிளுக்கு சர் பட்டம் கிடைத்தது. ராபர்ட்ஸின் கப்பல்களில் இருந்த கறுப்பின ஆட்களுக்கு விசாரணை எதுவும் இல்லை. அவர்களை அடிமைகளாக விற்றுவிட்டார்கள்.